சாயமும் இரத்தமும்: முற்கதை நாவற்றொடர் ஒன்று பற்றிய சிந்தனை

இளைஞர்க்கெனப் பல பாகங்களாக எழுதப்படும் மாயக்கதைகளைப் பொருட்படுத்திப் பேசுவது கற்றோர் அவைக்கு ஏலாத காரியமென்று கருதுவோர் உளர். அக்கதையிலே இரத்தக் காட்டேரியும் வந்துவிட்டால் அவர்தம் புறக்கணிப்பு இருமடங்காகும். ஆயினும், பன்னிரண்டு வயதிலே ஒருவன் விரும்பிப் படிக்கும் நூல், நன்மை தீமை பற்றிய அவனுடைய முதல் எண்ணங்களை வகுத்துவிடுகின்றது. பிற்காலத்திலே அவன் எத்தனை மெய்யியல் நூல்களைக் கற்றாலும் அம்முதல் எண்ணங்கள் எளிதில் அழிந்துவிடுவதில்லை. ஆதலின், அத்தகைய நூல்கள் மனிதனைப் பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்பது வீண்வேலையன்று.

அயர்லாந்து எழுத்தாளரான டரன் ஷான் எழுதிய காட்டேரிக் கதைத்தொடர் இக்கேள்விக்கு நல்லதோர் உதாரணமாகும். 1972 ஆம் ஆண்டிலே இலண்டனிற் பிறந்து, சிறுவயதிலேயே அயர்லாந்தின் லிமெரிக் பகுதிக்குச் சென்று வளர்ந்த இவருடைய இயற்பெயர் டரன் ஓஷோனெசி என்பது. இவர் தமது புனைபெயரையே கதாநாயகனுக்கும் சூட்டி, அச்சிறுவனே தன் வரலாற்றைக் கூறுவதாக 2000 ஆம் ஆண்டு முதல் 2004 ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு நாவல்களை வெளியிட்டார். அதன் பின்னர், 2010 ஆம் ஆண்டு முதல் 2012 ஆம் ஆண்டு வரை, முதற்றொடரின் நிகழ்ச்சிகளுக்கு நெடுங்காலம் முற்பட்ட கதையை நான்கு நாவல்களிலே சொன்னார். ‘கொலையாளி ஒருவனின் பிறப்பு’, ‘இரத்தக் கடல்’, ‘சபிக்கப்பட்டோர் மாளிகை’, ‘சாவுவரை சகோதரர்’ என்று அவற்றின் தலைப்புகளைத் தமிழிலே கூறலாம். இவ்வாறு பின்னர் எழுதப்பட்டு முன்னர் நிகழ்ந்ததைக் கூறும் நாவலை முற்கதை நாவல் என்று அழைப்பது பொருந்தும்.

முற்கதை நாவலுக்குப் பிறப்பிலேயே ஒரு குறைபாடு உண்டு. அதன் முடிவு வாசகனுக்கு ஏற்கெனவே தெரியும். இந்நான்கு நாவல்களின் தலைவனாகிய லார்ட்டன் கிரெப்ஸ்லி, முதற்றொடரின் ஒன்பதாம் நாவலிலே, 2003 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டான். தீயும் கூர்ங்கழுக்களும் நிறைந்த குழியொன்றிலே வீழ்ந்து அவன் மடிந்த காட்சியைப் படித்த வாசகன், ஏழாண்டுகளின் பின்னர் அவனைச் சிறுவனாகச் சந்திக்கின்றான். இச்சிறுவன் எந்த ஆபத்திலே அகப்பட்டாலும் தப்பிவிடுவான் என்பது அவ்வாசகனுக்குத் தெரியும். எந்தக் குழியிலே முடிவான் என்பதும் தெரியும். அடுத்து என்ன நேரும் என்ற ஆவலைக் கொண்டே நாவலை நடத்திச் செல்லப் பழகிய எழுத்தாளனுக்கு இங்கே பெரும் பகுதி ஆயுதம் பறிபோய்விடுகின்றது. ஏன் இவ்வாறு நேர்ந்தது, வேறுவிதமாக நேர்ந்திருக்க இயலாதா என்ற இரு வினாக்களே அவனுக்கு எஞ்சுகின்றன.

இவ்விரு வினாக்களும் இத்தொடரிலே எங்ஙனம் எழுகின்றன என்பதைக் காண முதற்றொடரின் தொடக்கத்தை நினைவுகூர்தல் வேண்டும். டரன் என்னும் பாடசாலை மாணவனும் அவனுடைய நண்பன் ஸ்டீவ் லெனர்டும் விசித்திர மனிதர்களைக் கொண்ட இரகசியக் காட்சியொன்றுக்குச் செல்கின்றனர். நச்சுச் சிலந்தியொன்றை ஆட்டுவிக்கும் கிரெப்ஸ்லி அங்கே மேடையேறுகின்றான். பழைய நூலொன்றிலே பார்த்த படத்தைக் கொண்டு அவன் காட்டேரி என்பதையும், வூர் ஹோர்ஸ்டன் என்ற பெயருடையவன் என்பதையும் ஸ்டீவ் அறிந்துகொள்கின்றான். காட்சி முடிந்த பின்னர் அவனை அணுகித் தன்னையும் காட்டேரியாக்குமாறு மன்றாடுகின்றான். வீட்டிலே அன்பு காணாத சிறுவன் அவன். கிரெப்ஸ்லி அவனுடைய இரத்தத்தைச் சுவைத்துப் பார்த்து, அது தீய இரத்தம் என்று கூறி மறுத்துவிடுகின்றான். அவமானமடைந்த ஸ்டீவ் ஒருநாள் பழிவாங்குவேன் என்று சூளுரைக்கின்றான். பின்னர் டரன் அச்சிலந்தியைத் திருடுவதும், அது ஸ்டீவைக் கடிப்பதும், நண்பனைக் காக்கும் மருந்துக்கு விலையாக டரன் அரைக்காட்டேரியாகிக் கிரெப்ஸ்லியின் உதவியாளனாவதும் கதையை நடத்திச் செல்கின்றன. ஒன்பதாம் நாவலின் இறுதியிலே, பகைவரின் தலைவன் ஸ்டீவே என்ற உண்மை வெளிப்படுகின்றது. கிரெப்ஸ்லி அதனை அறியாமலே இறந்துவிட்டான்.

பன்னிரண்டு வயது வாசகன் இதனைப் படிக்கும்போது அவனுக்குக் கிடைக்கும் படிப்பினை தெளிவானது. தீமை இரத்தத்திலே உள்ளது. அனுபவமுள்ள பெரியவன் அதனை நாவிலே வைத்த மாத்திரத்திற் கண்டுகொண்டான். பின்னர் நடந்தவை அனைத்தும் அம்முதற் கணிப்பு சரியென்பதை நிறுவின. கதையின் போக்கும் இதற்கு உடந்தையாகவே உள்ளது. டெஸ்மண்ட் டைனி என்ற பாத்திரம் இத்தொடரிலே விதியின் உருவமாக உலவுகின்றது. அவனுடைய முதற்பெயரைச் சுருக்கிக் குடும்பப்பெயரோடு சேர்த்து உச்சரித்தால் விதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஒலிக்கும். ஸ்டீவ், டரன் ஆகிய இருவருக்கும் மெய்யான தந்தை அவனே என்பது இறுதியிலே தெரியவருகின்றது. பிறப்பும் இரத்தமும் விதியும் ஒன்றாகப் பின்னப்பட்ட உலகம் அது. ஒருவனை அவன் செய்தவற்றைக் கொண்டு எடைபோடாமல் அவனுடைய இரத்தத்தைக் கொண்டு எடைபோடுவது எத்தகைய ஆபத்தான பழக்கம் என்பதைக் கதைக்கு வெளியேயுள்ள உலகம் பலமுறை கண்டுள்ளது. அப்பழக்கத்தைச் சிறுவர் நூலொன்று அறிந்தோ அறியாமலோ நியாயப்படுத்துகின்றதெனின் அதனைச் சிறிய விடயமென்று விட்டுவிட முடியாது.

முற்கதையின் முதல் நாவல் இவ்விடத்திலேதான் முக்கியத்துவம் பெறுகின்றது. அது காட்டேரிகளின் மாளிகையிலே தொடங்கவில்லை. பட்டுத் தொழிற்சாலையொன்றிலே தொடங்குகின்றது. வறிய குடும்பத்துச் சிறுவனாகிய லார்ட்டனும், அவனோடு உடன்பிறந்தான்போல் வளரும் வூர் ஹோர்ஸ்டனும் அத்தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்படுகின்றனர். கிரெப்ஸ்லியின் செம்மஞ்சள் நிறத் தலைமயிரை முதற்றொடரின் வாசகன் காட்டேரிக்குரிய விந்தையான அடையாளம் என்றே எண்ணியிருப்பான். அது தொழிற்சாலைச் சாயத்தின் கறை என்பது இங்கே தெரியவருகின்றது. டிராஸ் என்னும் கங்காணி குழந்தைகளை அடித்தும் அச்சுறுத்தியும் வேலை வாங்குகின்றான். ஒருநாள் அவனுடைய கையாலேயே வூர் இறக்கின்றான். லார்ட்டன் வெறிகொண்டு அக்கங்காணியைக் கொன்றுவிட்டு ஓடுகின்றான். கல்லறையொன்றிலே ஒளிந்திருக்கும்போது சீபா நைல் என்ற முதிய காட்டேரியைச் சந்திக்கின்றான். சீபா அவனைத் தன் உதவியாளனாக ஏற்றுக்கொள்கின்றான்.

இவ்வளவும் படித்த வாசகன் முதற்றொடரின் தொடக்கத்துக்குத் திரும்புவானாயின், அங்குள்ள எழுத்துக்களிலே ஒன்றுகூட மாறியிராது. பொருளோ முற்றாக மாறியிருக்கும். ஸ்டீவ் உச்சரித்த ‘வூர் ஹோர்ஸ்டன்’ என்ற பெயர், முதல் வாசிப்பிலே மேடைக்கலைஞன் ஒருவன் வைத்துக்கொண்ட மாற்றுப்பெயர் மாத்திரமே. இப்போது அது தொழிற்சாலையிலே கொல்லப்பட்ட ஒரு குழந்தையின் பெயர். கல்லறையிலே பொறிக்க இயலாத பெயரை நண்பன் தன்மீது சுமந்து திரிந்திருக்கின்றான். அன்பற்ற வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுவன் அப்பெயரைச் சொல்லியே அவனிடம் அடைக்கலம் கேட்டான் என்பதும், அச்சிறுவனை அவன் திருப்பி அனுப்பினான் என்பதும் இப்போது வேறொரு கனத்தோடு மனத்திலே பதிகின்றன. கொலைசெய்த கையோடு வந்த சிறுவனைச் சீபா ஏற்றான். எக்கொலையும் செய்யாத சிறுவனைக் கிரெப்ஸ்லி ஏற்கவில்லை. சீபாவைப் போன்ற ஒருவனின் துணை ஸ்டீவுக்கும் கிட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினாவை முதற்றொடர் எழுப்பவில்லை. முற்கதை அதனை எழுப்பாமல் விடவில்லை.

காட்டேரிக் கதை மரபை நோக்கும்போதும் இத்தொடக்கம் குறிப்பிடத்தக்கது. ஆங்கில இலக்கியத்திலே காட்டேரிக்கு நிலையான உருவம் தந்தவர் ஜோன் பொலிடோரி. 1819 ஆம் ஆண்டிலே வெளிவந்த அவருடைய கதையின் காட்டேரி ஒரு பிரபு. 1872 ஆம் ஆண்டிலே டப்ளின் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு படைத்த கார்மில்லா ஓர் உயர்குடிப் பெண். அதே டப்ளினிற் பிறந்த பிராம் ஸ்ரோக்கர் 1897 ஆம் ஆண்டிலே படைத்த டிரகுலா ஒரு கோமான். அவனுக்குக் கோட்டை உண்டு, குலப்பெருமை உண்டு. உழைக்காமல் பிறர் குருதியிலே வாழ்பவன் நிலப்பிரபுவாக இருந்தது தற்செயலானதன்று. கார்ல் மார்க்ஸ் 1867 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘மூலதனம்’ நூலின் முதலாம் பாகத்திலே, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்துக்குக் காட்டேரியையே உவமையாக்கினார். வேலைநாளைப் பற்றிய அதிகாரத்திலே அவ்வுவமை வருகின்றது. பட்டாலை முதலாளிகளைப் பற்றிய குறிப்பும் அவ்வதிகாரத்திலேயே உண்டு. மென்மையான பட்டு நூலைக் கையாளக் குழந்தைகளின் மென்மையான விரல்களே வேண்டுமென்று அவர்கள் வாதிட்டதை மார்க்ஸ் கசப்போடு எடுத்துக்காட்டுகின்றார். பிரித்தானியாவின் 1833 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளை நெசவாலைகளிலே வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. பட்டாலைகளுக்கு மாத்திரம் அத்தடையிலிருந்து விலக்களித்தது.

டரன் ஷான் இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு எழுதினார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், அவருடைய கற்பனை வரலாற்றின் உண்மையான ஓரிடத்திலே சென்று ஊன்றியிருக்கின்றது. பட்டாலைக் குழந்தையே இங்கு காட்டேரியாகின்றான். பிரபுவின் கோட்டையிலிருந்த காட்டேரி தொழிலாளியின் குடிசைக்கு வந்துவிட்டது. இத்தொடரின் காட்டேரிகள் இரத்தம் குடிக்கும்போது மனிதரைக் கொல்வதில்லை. சிறிதளவே எடுத்துக்கொண்டு காயத்தையும் ஆற்றிவிடுகின்றனர். கொன்று குடிப்பவர் வாம்பனீஸ் என்ற பிரிந்துபோன கூட்டத்தினர். லார்ட்டனின் வாழ்க்கையிலே முதன்முதலாக ஒரு குழந்தையின் உயிரைக் குடித்தது காட்டேரியன்று. கூலி கொடுத்து வேலை வாங்கிய மனிதனே. தீமை இரத்தத்திலே ஊறியது என்ற பழைய பாடத்துக்கு முற்கதை தரும் முதல் மறுப்பு இதுவாகும்.

ஆயினும், சூழலே மனிதனைக் கெடுத்தது, ஆதலின் அவன் குற்றமற்றவன் என்ற எளிய முடிபுக்கு முற்கதை வந்திருந்தால் அது பிரசாரமாக முடிந்திருக்கும். அவ்வாறு முடியாமல் அதனைக் காப்பாற்றுவது இரண்டாம் நாவல். காட்டேரிக் குலத்தின் கட்டுப்பாடுகளை வெறுத்து உலகம் சுற்றப் புறப்படும் லார்ட்டன், தன்மீது அன்புகொண்ட மலோரா என்ற பெண்ணோடு கப்பலொன்றிலே செல்கின்றான். அவனுடைய உண்மை வெளிப்பட்டபோது கப்பலிலுள்ளோர் மலோராவைக் கொன்றுவிடுகின்றனர். லார்ட்டன் அக்கப்பலிலே பெருங்கொலை புரிகின்றான். குற்றமுள்ளோர், குற்றமற்றோர் என்ற வேறுபாடு அவ்வேளையிலே அவனுக்கு இருக்கவில்லை. கொல்லப்பட்டோருள் ஒரு கைக்குழந்தையின் பெற்றோரும் அடங்குவர். அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியேறுகின்றான்.

அக்குழந்தையின் பெயர் கவ்னர் பேர்ள் என்பதை அறியும்போது முதற்றொடரைப் படித்த வாசகன் திடுக்கிடுவான். முதற்றொடரிலே கவ்னர் ஒரு காட்டேரித் தளபதி. நல்லியல்பும் நகைச்சுவையும் உடையவன். கிரெப்ஸ்லியின் நெருங்கிய தோழன். 2001 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஐந்தாம் நாவலிலே, நம்பியிருந்த ஒருவனின் கத்திக்கு இரையாகி இறக்கின்றான். அப்போது கிரெப்ஸ்லி கொண்ட துயரம் தோழனை இழந்த துயரமென்றே வாசகன் எண்ணினான். முற்கதையோ, கவ்னரைப் பாரிஸ் நகரிலே அலிசியா என்ற பெண்ணின் துணையோடு மகன்போல் வளர்த்தவன் கிரெப்ஸ்லியே என்றும், அவனுடைய பெற்றோரைக் கொன்றவனும் கிரெப்ஸ்லியே என்றும் கூறுகின்றது. தொழிற்சாலையிலே செய்த கொலைக்கு வாசகனின் மனம் மன்னிப்பளித்திருக்கும். கப்பலிலே நிகழ்ந்த கொலைக்கு அம்மன்னிப்பு எட்டாது. லார்ட்டனும் தனக்கு மன்னிப்புக் கோரவில்லை. ஒரு குழந்தையை வளர்த்தான். காரணத்தை அறிதல் வேறு, குற்றத்தைக் கழித்துவிடுதல் வேறு என்பதை இளம் வாசகனுக்கு இதைவிட எளிதாக உணர்த்துவது அரிது.

வினையின் முற்கதையை நாயகனின் மரணத்துக்குப் பின்னர் சொல்லும் முறை தமிழ் வாசகனுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்திலே கோவலன் கொலையுண்டு மதுரையும் எரிந்த பின்னரே, கட்டுரை காதையிலே மதுராபதித் தெய்வம் தோன்றி அவனுடைய முற்பிறப்பைக் கண்ணகிக்குக் கூறுகின்றது. முற்பிறப்பிலே பரதன் என்ற பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் கோவலன் என்பது அங்கே தெரியவருகின்றது. அம்முற்கதை ஊழின் கணக்கை நேர்செய்து முடிக்கின்றது. கேட்டவளுக்கு வினா எதுவும் எஞ்சாதவாறு விடையளிக்கின்றது. டரன் ஷானின் முற்கதையோ முடிந்ததென்று வாசகன் நம்பிய கணக்கைத் திறந்துவிடுகின்றது. விதியே அனைத்தையும் நடத்தியதாகத் தோன்றிய கதைக்குள், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவன் மற்றொருவனை ஏற்றதும் மறுத்ததும் இருந்தன என்று அது காட்டுகின்றது.

முதற்றொடர் தன் முடிவிலே கடந்தகாலத்தைத் திருத்த முயன்றது என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். 2004 ஆம் ஆண்டிலே வெளிவந்த இறுதி நாவலிலே, உருமாறிய டரன் கடந்தகாலத்துக்கு அனுப்பப்படுகின்றான். காட்சி நிகழ்ந்த அரங்கிலே சிறுவனாகிய தன்னையே அச்சுறுத்தி விரட்டி, தான் பட்ட துன்பங்கள் அனைத்தும் தொடங்காதவாறு தடுத்துவிடுகின்றான். மாயக்கதைக்கு மாத்திரம் கிடைக்கும் வரம் அது. முற்கதையிலே அவ்வரம் இல்லை. அங்கே வூர் இறந்தே தீரவேண்டும். கப்பலிலே இரத்தம் ஓடியே தீரவேண்டும். காட்டேரிகள் நிறைந்த கதையாயினும், இவ்வொரு வகையிலே அது மனித வாழ்க்கையை மிக நெருங்கி நிற்கின்றது. நடந்ததை மாற்ற எவராலும் இயலாது. நடந்ததன் பொருளை அறிய மாத்திரமே இயலும்.

முற்கதை நாவல்கள் யாவும் இத்தகுதியுடையன என்று கூறுவதற்கில்லை. வெற்றிபெற்ற தொடரொன்றின் பெயரை மேலும் சில காலம் விற்பனை செய்யும் நோக்கமே பலவற்றிலே மேலோங்கி நிற்பதை மறுக்க முடியாது. வாசகனின் கற்பனைக்கென விடப்பட்ட இடைவெளிகளையெல்லாம் தேடித்தேடி நிரப்பி, பாத்திரத்தின் ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு கதை சொல்லி, இறுதியிலே மர்மத்தையும் அச்சத்தையும் அழித்துவிடுவன பல. கிரெப்ஸ்லியின் தலைமயிருக்கும் காரணம் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்பவரின் ஐயத்திலே நியாயமுண்டு. ஆயினும், சாயக்கறை பற்றிய செய்தி வெறும் விளக்கமாக நின்றுவிடவில்லை. குழந்தையொன்றின் உடலிலே உழைப்பு இட்ட முத்திரை அது. காட்டேரியான பின்னரும், நீண்ட ஆயுளைப் பெற்ற பின்னரும் அழியாதது. அத்தகைய விளக்கம் மர்மத்தைக் குறைத்தாலும் மனிதனைப் பெரிதாக்குகின்றது.

2000 ஆம் ஆண்டிலே முதல் நாவலைப் பன்னிரண்டு வயதிற் படித்தவன், 2010 ஆம் ஆண்டிலே முற்கதை வெளிவந்தபோது இருபத்திரண்டு வயது இளைஞன். முன்னர் அவன் டரனின் கண்களாலே கிரெப்ஸ்லியைப் பார்த்தான். அம்மனிதன் அச்சமூட்டுபவனாகவும், கடுமையானவனாகவும், பின்னர் தந்தையாகவும் தோன்றினான். டரன் தன் கதையைத் தானே கூறினான். முற்கதை படர்க்கையிலே கூறப்படுகின்றது, இறந்தவன் தன் கதையைத் தானே சொல்ல இயலாது, பிறர்தாம் சொல்லவேண்டும். அதனைப் படிக்கும் இளைஞன், தன்னை வளர்த்தோருக்கும், தன்னை மறுத்தோருக்கும், தான் அஞ்சியோருக்கும் தான் பிறப்பதற்கு முற்பட்ட வாழ்க்கையொன்று இருந்திருக்கும் என்பதை ஒருவேளை முதன்முறையாக எண்ணிப் பார்ப்பான். கடுஞ்சொல் பேசும் பெரியவர் ஒருவரின் பின்னாலும் ஒரு தொழிற்சாலை இருந்திருக்கலாம்.

இந்நாவற்றொடரின் மொழிநடை ஆழமானதன்று. கொலைக் காட்சிகளிலே அதற்குள்ள ஈடுபாடு சில இடங்களிலே எல்லை மீறுகின்றது. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் வேகத்திலே நுண்ணுணர்வுகள் பல நசுங்கிப்போகின்றன. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. ஒரு சிறுவனின் இரத்தத்தைச் சுவைத்துப் பார்த்து அவனுடைய எதிர்காலத்தைத் தீர்மானித்த ஒருவனை முதற்றொடர் ஞானியாகக் காட்டியது. அத்தீர்ப்பை வழங்கியவனின் இளமையைத் தேடிச் சென்ற முற்கதை, அங்கே தீய இரத்தம் எதனையும் காணவில்லை. சாயத்தொட்டியையும், இறந்துபோன நண்பனையும், கல்லறையிலே கைநீட்டிய ஒரு கிழவனையுமே கண்டது. ஸ்டீவ் லெனர்டின் முற்கதையை இவ்வாறு எவரேனும் எழுதத் துணிந்தால் அங்கே எது காணப்படும் என்பது, இந்நான்கு நாவல்களையும் படித்து முடித்த வாசகனின் மனத்திலே எளிதில் அகலாத வினாவாகும்.